கடதாசியின்ரை அடியில ஒரு பேர்

வெள்ளவத்தையில நானும் ரீச்சரும் வேலை செய்த ரியூட்டரி, ரியூசன் குடுக்கிற இடம், அதுக்குப் பின்பக்கத்தில ஒரு தண்ணிப் பைப் இருந்தது. வோசர் தேஞ்சு எந்த நேரமும் ஒழுகும். ஒருநாள் காலமை போய்ப் பாத்தால் பைப்புக்கு மேல சுவரில ஒரு கடதாசி ஒட்டிக்கிடக்கு. 'குழாயை இறுக்கிப் பூட்டவும்' எண்டு. அதுக்குக் கீழ ரீச்சரின்ரை முழுப்பேர். அதுக்குக் கீழ வீட்டு நம்பர், ஒழுங்கை. அதுக்கும் கீழ ஐசி நம்பர், அடையாள அட்டையின்ரை.

பெடியள் விடுவாங்களே. "மிஸ், பைப்பையும் பிடிச்சு விசாரிக்கப்போறாங்களோ?" எண்டான் ஒருத்தன்.

"பைப்பை ஏன் விசாரிக்கிறாங்கள்? இறுக்கிப் பூட்டச் சொன்னது நான். கை நொந்தவன் என்னட்டை வரட்டும்" எண்டா ரீச்சர். சிரிக்காமல்தான் சொன்னவ.

அவ எதை எழுதினாலும் அடியில பேர் போடாமல் விடமாட்டா. கடைக்குச் சாமான் சீட்டு எழுதினாலும் பேர். கரும்பலகையில பாடம் எழுதி முடிச்சால் வலக்கைப்பக்க மூலையில சின்னதாய்ப் பேரும் திகதியும். அழிக்கேக்கையும் அந்த மூலையைத்தான் கடைசியா அழிப்பா. ஒழுங்கையில குப்பை அள்ளுறேல்லை எண்டு மாநகரசபைக்கு ஒருக்கால் எல்லாரும் சேந்து கடிதம் எழுதினவை. கீழ 'இவ்வண்ணம் ஊர்மக்கள்' எண்டு போட்டிருந்தினம். ரீச்சர் அதை வெட்டிப்போட்டுத் தன்ரை பேரை எழுதினா. "ஊர்மக்கள் எண்டு ஆரைத் தேடி வாறது?" எண்டு கேட்டா. அந்தக் காலத்தில தமிழாக்கள் ஆரும் தங்களைத் தேடி வரவேணுமெண்டு நினைக்கமாட்டினம். இவ ஒருத்திதான் தேடி வாற வழியைத் தானே எழுதிக் குடுத்துக்கொண்டு திரிஞ்சவ.

பேர் இவ்வளவு சொல்லுறன், அவவின்ரை பேரை மட்டும் நான் இஞ்ச சொல்லேல்லை. அவவின்ரை மகள் வெளிநாட்டில இருக்கிறா, பேர் வேண்டாம் ஐயா எண்டு போனில சொல்லிப்போட்டா. ரீச்சரெண்டால் சொல்லத்தான் சொல்லுவா. என்ன செய்யிறது.

நான் படிச்சவனில்லை. மூண்டாம் வகுப்போட சரி. பன்னிரண்டு வயசில காரைநகரிலயிருந்து புறக்கோட்டைக்கு வந்தனான், ஒரு கடதாசிக் கடையில கட்டுக் கட்ட. அங்கயிருந்து பக்கத்து அச்சகத்துக்குப் போய் மெசினுகளோட கை பழகினது. கலியாணம் கட்டினது கொட்டாஞ்சேனையில, மனிசி வேதக்காறி, கிறிஸ்தவம். மாமனார் ஹாபரில வேலை. நான் சைவம் எண்டு ரண்டு வருசம் என்னோட முகம் குடுத்துக் கதைக்காத மனிசன், கடைசிக் காலத்தில என்ரை கையாலதான் கஞ்சி குடிச்சது. அது வேற கதை.

அச்சகத்தில இருக்கேக்கை ஒரு காரியம் நடந்தது. ஆரோ ஒருத்தன் ஒரு நோட்டீஸ் அடிக்கத் தந்தான். கூட்டமொண்டுக்கு எண்டுதான் சொன்னவன். முதலாளி வாசிச்சுப் பாக்கேல்லை, எனக்கு வாசிக்கவே நேரமெடுக்கும். அச்சகத்தின்ரை பேர் அடியில போடவேணும், அது சட்டம், போட்டம். நாலாம் நாள் பொலிஸ் வந்தது. தந்தவனைப் பிடிக்க ஏலேல்லை, அவன் பேர் அதில இல்லைத்தானே. அடியில பேர் கிடந்த எங்களைப் பிடிச்சாங்கள். ஒன்பது நாள் வைச்சிருந்தாங்கள். என்ன நடந்ததெண்டு நான் மனிசிக்கும் சொன்னதில்லை. அதுக்குப் பிறகு ஒரு கடதாசியின்ரை அடியில சின்ன எழுத்தைக் கண்டாலே நான் அதைக் கவிட்டு வைச்சிடுவன்.

அந்தக் கையோட அச்சகத்தை விட்டன். தொண்ணூறுகளின்ரை நடுவில ரியூட்டரி மாஸ்ரர் கூப்பிட்டார். அவர் கணக்குப் படிப்பிக்கிறவர், அந்த இடத்தின்ரை சொந்தக்காரர். மூடின பள்ளிக்கூடம் ஒண்டில ஒரு ரோணியோ மெசின் வாங்கியிருந்தார். நோட்ஸ் அடிக்கிறதுக்கு. மெழுகுக் கடதாசியில, ஸ்டென்சில் எண்டு சொல்லுவம், ஊசிப் பேனையால எழுதினால் எழுத்து ஓட்டையாய் விழும். அதை உருளையில சுத்திக் கைபிடியைச் சுழட்டினால் ஓட்டைக்குள்ளால மை இறங்கிக் கடதாசியில எழுத்தாய் வரும். பிழையாய் எழுதினால் அதுக்கு ஒரு சின்னப் போத்தில், றோஸ் கலரில ஒரு மருந்து. நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ் மணம். அதைப் பூசினால் ஓட்டை அடைஞ்சுபோம், மை இறங்காது. இவ்வளவுதான் அதின்ரை வித்தை.

ஆனால் அந்த நாளையில ரோணியோ மெசின் வைச்சிருக்கிறதும் துவக்கு வைச்சிருக்கிறதும் ஒண்டுதான், இயக்கத்துக்கு நோட்டீஸ் அடிக்கிற ஆக்களெண்டு பிடிப்பாங்கள். மாஸ்ரர் அதைப் பழைய மேசைவிரிப்பால மூடி, மேல சாமிப்படம் வைச்சிருந்தார்.

ரீச்சர் உயர்தர வகுப்புப் பிள்ளையளுக்கு அரசியல் படிப்பிச்சவ. யாப்பு எண்டு சொல்லுவினம், நாட்டின்ரை பெரிய சட்டம். கோட்டையில அரசாங்கப் புத்தகம் விக்கிற இடத்தில தமிழில ஒண்டு, சிங்களத்தில ஒண்டு வாங்கி, மண்ணிறக் கடதாசியால உறை போட்டு வைச்சிருந்தவ. ரண்டையும் பக்கத்தில பக்கத்தில விரிச்சு வைச்சுத்தான் படிப்பிப்பா. மற்ற ரீச்சர்மார் சோதினைக்கு வாறதை மட்டும் சொல்லிக் குடுப்பினம். இவவுக்கு அது காணாது.

ஒருநாள் மை மாத்திக்கொண்டு நிண்டனான். பலகைத் தட்டியால வகுப்புத் தெரியும். ரீச்சர் மேசையை இழுத்து வாசலில போட்டு, இதுதான் செக் பொயின்ற் எண்டா. ஒரு பெடியனை ஆமி ஆக்கினா. இன்னொருத்தன் றோட்டால வாற தமிழ்ப் பெடியனாய் நடந்து வரவேணும். ஆமிக்காறப் பெடியன் வந்தவனைச் சேர்ட்டில பிடிச்சுச் சுவரோட தள்ளிப்போட்டான். பெட்டையள் சிரிச்சுதுகள்.

"ஏனப்பன் தள்ளினனீ?" எண்டு கேட்டா ரீச்சர்.

"எனக்கு இப்பிடித்தான் மிஸ் செய்தவங்கள்" எண்டான் அவன்.

சிரிப்பு நிண்டுபோச்சு. ரீச்சர் தள்ளுப்பட்டவனைச் சுவரிலயிருந்து இழுத்து நிமித்தி விட்டா. பிறகு, "சரி, தள்ளிப்போட்டான். இப்ப நீ என்ன கேக்கவேணும்?" எண்டு மற்றவனைப் பாத்தா.

"என்னை ஏன் பிடிக்கிறியள், காரணம் சொல்லுங்கோ எண்டு."

"அது எங்க கிடக்கு?"

"யாப்பில மிஸ். பதின்மூண்டு."

பின்வாங்கிலிலயிருந்து ஒரு குரல்: "மிஸ், அது ஆமிக்காறனுக்குத் தெரியுமோ?"

"தெரியாட்டில் நீ சொல்லு. மெதுவாய்ச் சொல்லு. ரண்டு கையும் அவனுக்குத் தெரிய வைச்சுக்கொண்டு சொல்லு."

இன்னொண்டும் சொன்னவ. "பதின்மூண்டில தந்ததைப் பதினைஞ்சில எப்பிடித் திருப்பி எடுக்கலாமெண்டும் எழுதியிருக்கு. அதையும் பாடமாக்குங்கோ. அரைவாசியை மட்டும் தெரிஞ்சு கொண்டு போனால் அடிதான் விழும்." அந்தப் பிள்ளையளில அரைவாசி வன்னியிலயிருந்து வந்ததுகள். வெளிநாடு போகக் காத்துக்கொண்டு, மாமி வீடு, லொட்ஜ் எண்டு கிடக்கிறதுகள். பொலிஸ் பதிவுத் துண்டு பொக்கெற்றுக்குள்ள இல்லாமல் பாண் வாங்கவும் போகாதுகள். அதுகள் அவவின்ரை வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறதைக் கண்டால் எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் நடுக்கம்.

பேர் போடுற பழக்கம் எங்கயிருந்து வந்ததெண்டு ஒருக்கால் கேட்டனான். ரெண்டு பேரும் பிளேன் ரீ குடிச்சுக்கொண்டு நிக்கேக்கை.

"என்ரை அண்ணை வவுனியாவில கிளாக்கர். ஆரோ மொட்டைக் கடிதம் ஒண்டு போட்டிருக்கினம். வந்து கூட்டிக்கொண்டு போனாங்கள். ரண்டு வருசத்தால வீட்டை வந்தவர். வந்த ஆள் எங்கடை அண்ணை இல்லை. இண்டைக்கும் கதவு தட்டினால் கட்டிலுக்குக் கீழ போயிடுவார்." ரீயை ஒரு முடறு குடிச்சா. "எழுதினவன் பேரைப் போட்டிருந்தால் போய் அவன்ரை வாசலில நிண்டு கேட்டிருக்கலாம். ஏனடா எண்டு ஒரு சொல்லு."

நான் என்ரை ஒன்பது நாள் கதையைச் சொல்லலாமெண்டு வாய் திறந்தன். சொல்லேல்லை. அவவுக்குப் பேரில்லாத கடதாசி செய்ததை எனக்குப் பேர் போட்ட கடதாசி செய்தது. அதை எப்பிடிச் சொல்லுறது.

பிறகு பிடிக்கிறது கூடிப்போச்சு. குண்டு ஒண்டு வெடிச்சால் பத்து நாளைக்கு ஒவ்வொரு ஒழுங்கையா வருவாங்கள். ரீச்சர் ஒருநாள் ஒரு ஸ்டென்சில் கொண்டுவந்து தந்தா. ஒரு பக்கந்தான். மேல தமிழில நாலு வரி, கீழ அதையே சிங்களத்தில நாலு வரி. பிடிச்சால் காரணம் சொல்லவேணும். நீதவானுக்கு முன்னால கொண்டுபோகவேணும். அடிக்கக்கூடாது. உரிமை மீறினால் ஒரு மாசத்துக்குள்ள பெரிய கோட்டுக்கு, உச்ச நீதிமன்றத்துக்கு, போகலாம். எல்லாம் யாப்பில உள்ளது, எத்தினையாம் பிரிவெண்டும் போட்டிருந்தது. கடைசியில அவவின்ரை பேர், விலாசம், ஐசி நம்பர்.

"எழுவது அடியுங்கோ. பிள்ளையள் கொப்பிக்குள்ள ஒட்டி வைக்கட்டும்" எண்டா.

முதல் கடதாசியை அடிச்சுக் குடுத்தன். கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாய்ப் பாத்தா. "சரி, அடியுங்கோ" எண்டு அந்த ஒண்டை மடிச்சுப் புத்தகத்துக்குள்ள வைச்சுக்கொண்டு வகுப்புக்குப் போயிட்டா.

நான் கைபிடியில கையை வைச்சனான், சுழட்ட மனம் வரேல்லை. அடியில கிடந்த அந்தச் சின்ன எழுத்தைப் பாத்தன். எழுவது பிள்ளை, எழுவது பை, எல்லாப் பையும் திறந்து பாக்கிற றோட்டு. எங்கயோ ஒண்டு பிடிபட்டால் நேர இவவின்ரை வீட்டு வாசல். பிறகு எங்க அடிச்சதெண்டு கேப்பாங்கள், பிறகு ஆர் அடிச்சதெண்டு கேப்பாங்கள். றோஸ் மருந்தை எடுத்தன். பேருக்கு மேல ஒரு பூச்சு, விலாசத்துக்கு மேல ஒரு பூச்சு, நம்பருக்கு மேல ஒரு பூச்சு. காய ரண்டு நிமிசம். பிறகு அடிச்சன். அடி வெறுமையாய் வந்தது, வலு சுத்தம். எழுவதையும் நானே கொண்டுபோய் வகுப்பில குடுத்தன். பிள்ளையள் மேல எழுதினதைத்தான் வாசிச்சுதுகள். அடி ஏன் வெறுமை எண்டு ஒரு பிள்ளையும் கேக்கேல்லை.

ரீச்சரைக் காப்பாத்தினன் எண்டுதான் அண்டைக்கு பஸ்ஸில போகேக்கை எனக்கு நானே சொன்னனான்.

ஒரு கிழமை போகேல்லை. ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் ரண்டரை மணியிருக்கும், ஒரு மனிசி செருப்பு ஒரு காலில இல்லாமல் ஓடி வந்தா. சுகந்தியின்ரை பெரியம்மா. சுகந்தி எங்கடை வகுப்புப் பிள்ளை, பதினேழு வயசு, கிளிநொச்சி. வலு அமசடக்கு, வாயே திறக்காதவள். வாய்க்கால் பாலத்தடியில பஸ்ஸை மறிச்சுப் பை பாத்திருக்கிறாங்கள். இவள் கையைத் தெரிய வைச்சுக்கொண்டு, சிங்களத்தில, காரணம் சொல்லுங்கோ எண்டு கேட்டிருக்கிறாள். பொம்பிளைப் பொலிஸ் கொப்பியைத் திறக்க ஒட்டினபடி அந்தக் கடதாசி. ஆர் தந்தது எண்டு கேக்க, எங்கடை ரீச்சர், அவவின்ரை பேர் அதில இருக்கு எண்டு சொல்லியிருக்கிறாள் பாவம். அவங்கள் பாத்திருக்கிறாங்கள், பேரில்லை. பொய் சொல்லுறாள் எண்டு ஸ்டேசனுக்குக் கொண்டுபோட்டாங்கள். இயக்கம் அடிச்ச நோட்டீஸ், பிடிபட்டால் என்ன கதைக்கிறதெண்டு பயிற்சி குடுக்கிற கடதாசி எண்டு கதையாம். பின்னேரம் நாலு மணிக்கு வான் வரும், மேலிடத்துக்கு ஏத்திப்போடுவாங்களாம்.

மேலிடத்துக்கு ஏத்தினால் எத்தினை மாசமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அது எல்லாருக்கும் தெரியும்.

பெரியம்மா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதில பேரில்லை எண்ட சொல்லு ரீச்சரின்ரை காதில விழேல்லைப்போல. மாஸ்ரர் கேற்றைப் பூட்டிப்போட்டு என்னட்டைத் திரும்பினார். "ஒருத்தரும் அங்க போகவேண்டாம். போனால் எல்லாரும் உள்ள. இராசையா, ஸ்டென்சில் எல்லாத்தையும் எரி. மெசினைப் பின்னால தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கு."

ரீச்சர் கையில கிடந்த சோக்குத்தூளைத் தட்டினா. "மாஸ்ரர், அதில என்ரை பேர் கிடக்கு. நான் போகாட்டில் அவங்கள் வருவாங்கள். நான் போறதுதான் மரியாதை. பேர் கிடக்கிறபடியா பிள்ளைக்குப் பயமில்லை." என்னைப் பாத்தா. "என்ரை சிங்களம் புத்தகச் சிங்களம். நீங்கள் கூட வாங்கோ இராசையா அண்ணை."

காலி றோட்டால நடந்து போனம். பத்து நிமிச நடை. நகைக்கடை வாசலில சொல்லுவம் எண்டு நினைச்சன். பஸ் ஹோல்ற்றடியில சொல்லுவம் எண்டு நினைச்சன். கோயிலடியில அவ செருப்பைக் கழட்டிக் கும்பிட்டா. அப்பவும் பக்கத்திலதான் நிண்டனான். சொல்லேல்லை. அவ வேகமாய் நடந்தா, பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினவள்போல.

அது எந்த ஸ்டேசன் எண்டு சொல்லத் தேவையில்லை. உள்ள ஒரு நீட்டு வாங்கில், அதின்ரை ஒரு கரையில சுகந்தி. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது, ஆனால் நிமிந்துதான் இருந்தவள். மேசையில ஒரு சார்ஜன், வயசாளி, மூக்குக்கண்ணாடி. மீன் வைச்ச மாலுபான் ஒண்டு பாதி திண்டபடி கடதாசியில கிடந்தது. அதுக்குப் பக்கத்தில அவளின்ரை கொப்பி.

"கவுத மேக்க லிவ்வே?" எண்டார். ஆர் இதை எழுதினது எண்டு.

"மம" எண்டா ரீச்சர். நான் தான் எண்டு. "பேர் அதில கிடக்கு. விலாசமும் கிடக்கு. பிள்ளையை விடுங்கோ."

சார்ஜன் கொப்பியைத் திருப்பி அவவுக்கு முன்னால தள்ளினார். "எங்க?"

ரீச்சர் குனிஞ்சா. கண்ணாடியைப் போட்டா. விரலால அடியைத் தடவிப் பாத்தா, எழுத்து மங்கிப்போச்சோ எண்டு பாக்கிறவள்போல. பிறகு தன்ரை புத்தகத்தைத் திறந்து அந்த முதல் கடதாசியை எடுத்துப் பக்கத்தில வைச்சா. ரண்டும் ஒண்டுதான், வரிக்கு வரி. ஒண்டில பேர், மற்றதில வெறுமை.

சார்ஜன் ரண்டையும் பாத்துச் சிரிச்சார். "நல்ல வேலை நோனா. இவளைக் காப்பாத்த இப்ப பேரை அடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள். பிள்ளையளின்ரை கையில குடுக்கேக்கை பேரில்லை. பயம். பிடிபட்டால் பிள்ளையள் போகட்டும், நான் தப்புவன் எண்டு."

நான் அதைத் தமிழில சொல்லவேணும், அவவுக்கு அது முழுக்க விளங்கேல்லையெண்டால். விளங்கினது. சுகந்திக்கும் விளங்கினது. அந்தப் பிள்ளை தலையைத் திருப்பி ரீச்சரைப் பாத்த பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டன். கோவமில்லை. நீங்களுமோ எண்டு கேக்கிற பார்வை.

ரீச்சர் என்னைப் பாக்கேல்லை. அவவுக்கு ஒரு செக்கனில தெரிஞ்சிருக்கும், மெசினைத் தொடுற கை ஒரு கைதானே. ஆனால் என்ரை பக்கம் கண்ணைக் கொஞ்சமும் திருப்பேல்லை. திருப்பினால் சார்ஜன் காணுவார் எண்டு.

"ஆர் அடிச்சது?" எண்டு கேட்டார்.

"அது நான் சொல்லமாட்டன். எழுதினது நான். எழுதினதுக்கு என்னைக் கேளுங்கோ. பேர் இல்லாமல் போனதுக்கும் என்னைத்தான் கேக்கவேணும், நான் எல்லாத்தையும் பாத்துக் குடுத்திருக்கவேணும்."

"அப்ப பேரை அழிச்சது நீங்கள்."

"இல்லை."

"அப்ப ஆர்?"

ரீச்சர் நிமிந்து சுவரைப் பாத்தா. சுவரில மணிக்கூடு. மூண்டேகால். சார்ஜன் மாலுபானின்ரை மிச்சத்தைத் திண்டு, கடதாசியைக் கசக்கிப் போட்டார். வெளியில ஏதோ வாகனம் வந்து நிண்ட சத்தம். சுகந்தி ரண்டு கையாலயும் வாங்கிலைப் பிடிச்சாள். வான் இல்லை, ஜீப். திரும்பிப் போட்டுது.

என்ரை மனிசி, பிள்ளையள், அந்த ஒன்பது நாள், எல்லாம் வந்து போனது. இவ்வளவு நேரமும் நான் சுவரோட நிண்டனான். ஆரோ தள்ளி விட்ட ஆள்போல.

"மாத்தயா" எண்டன். "ஏக்க மெக்குவே மம." அதை அழிச்சது நான்.

சார்ஜன் இப்பத்தான் என்னைப் பாத்தார். நான் விடாமல் சொன்னன். என்ரை சிங்களம் புறக்கோட்டைச் சிங்களம், மூட்டை தூக்கிற நாட்டாமையளோட பழகினது, மரியாதைச் சொல்லு கொஞ்சம் குறைவு. மெசினைச் சொன்னன், றோஸ் மருந்தைச் சொன்னன். ஸ்டென்சில் இன்னும் கிடக்கு, மாஸ்ரர் எரிச்சிருக்காட்டில், மருந்தைச் சுரண்டினால் பேர் தெரியும் எண்டன். ஒரு பொலிஸ்காறனை அனுப்பினார். மாஸ்ரர் எரிக்கிறதெல்லாத்தையும் எரிச்சிருந்தார், ஆனால் அந்தச் சனியன் பிடிச்ச ஸ்டென்சில் மை ஈரத்தில உருளையிலயே ஒட்டிக்கிடந்தபடியா அவருக்குக் கழட்டத் தெரியேல்லை. மெசினோட கொண்டுவந்தாங்கள். சார்ஜன் ஸ்டென்சிலை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சு, நகத்தால சுரண்டினார். முதல் எழுத்து வந்தது. பிறகு மற்றது. கையெல்லாம் மை.

"ஏன் அழிச்சனீ?"

"பயத்தில" எண்டன்.

சார்ஜன் கையில கிடந்த மையைத் துடைச்சார். நாலுமணிக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கை, வாசலில நிண்ட பெரியம்மாவைக் கூப்பிட்டுச் சுகந்தியைப் போகச் சொன்னார். எங்களை இருக்கச் சொன்னார். விசாரிக்க இன்னும் கிடக்காம்.

"என்ன காரணத்துக்கு எங்களை மறிக்கிறியள்?" எண்டு ரீச்சர் கேட்டா.

"இதுகளையும் வைச்சு மேய்க்கவேணும்" எண்டு பொதுவாய் ஆருக்கோ சொன்னார் சார்ஜன். காரணம் சொல்லேல்லை.

சுகந்தி எழும்பி எங்களைத் தாண்டிப் போகேக்கை ரீச்சர் அவளின்ரை மணிக்கட்டைப் பிடிச்சா. கெதியாய், குரலை உயத்தாமல் சொன்னா: "ஒருத்தரும் கிழிக்கவேண்டாம், எரிக்கவேண்டாம். கொப்பியில கிழிஞ்ச பக்கத்தைக் கண்டால் அவங்கள் விடமாட்டாங்கள். வீடு வீடாய்ப் போ. எல்லாரையும் அடியில என்ரை பேரை எழுதச் சொல்லு. விலாசத்தோட. ஐசி நம்பர் பைப்படியில கிடக்கு. ஆர் தந்தது எண்டு கேட்டால், அவ ஸ்டேசனிலதான் இருக்கிறா, கேட்டுப் பாருங்கோ எண்டு சொல்லச் சொல்லு."

"என்ன கதை அது?" எண்டு சார்ஜன் என்னட்டைக் கேட்டார்.

"வீட்டு வேலை குடுக்கிறா மாத்தயா. ரீச்சர்மாரின்ரை பழக்கம்."

அப்பத்தான் எனக்கு உறைச்சது. நான் நினைச்சது ஒரு சுகந்தியை. இன்னும் அறுவத்தொன்பது பிள்ளை இந்த நேரம் கொழும்பு முழுக்க, மொட்டைக் கடிதத்தைப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு, மாளிகாவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனை எண்டு பஸ்ஸில போய்க்கொண்டிருக்குதுகள். கையைத் தெரிய வைச்சுக்கொண்டு கேக்கப் படிச்ச பிள்ளையள்.

வாங்கிலில ரண்டு பேரும் இருந்தம். கனநேரம்.

"ஏன் இராசையா அண்ணை?" எண்டு கேட்டா.

"உங்களுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு, ரீச்சர்."

அவ முகத்தை முழுக்க என்ரை பக்கம் திருப்பினா.

"எனக்கும் வரக்கூடாதெண்டு" எண்டன்.

"அதை முதல்ல சொல்லுங்கோ" எண்டா. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அதைப்பற்றி அவ கதைச்சதேயில்லை, சாகும்வரைக்கும். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் சார்ஜனின்ரை ரெலிபோன் அடிச்சது. கதைச்சுப்போட்டு எங்களைப் பாத்தார். பம்பலப்பிட்டிச் செக் பொயின்ற்றில ஒரு பெடியனாம், அதே கடதாசியாம், அடியில பேனையால இந்த நோனாவின்ரை பேராம். "ஓவ், இஞ்சதான் இருக்கிறா, ஸ்ரேற்மென்ற் எடுத்தாச்சு" எண்டார். பின்னேரம் ஜீப்பில அந்தக் கடதாசி வந்தது.

"பெடியன்?" எண்டு கேட்டா ரீச்சர்.

"விட்டாச்சு."

இரவுக்குள்ள இன்னும் ரண்டு வந்தது. மூண்டாம் நாள் நாலு. ஒண்டு பென்சிலால, ஒண்டு சிவப்பு மையால, ஒண்டில விலாசம் பிழை. சார்ஜன் மேசையில ஒண்டுக்கு மேல ஒண்டாய் அடுக்கினார். "எத்தினை பேர் நோனா உங்கடை பேரை எழுதுறாங்கள்?" எண்டு கேட்டார், எரிச்சலோடதான், ஆனால் ஒவ்வொண்டையும் அவவிட்டைக் காட்டாமல் அடுக்கேல்லை. அவ எழுத்தைப் பாத்துப் பிள்ளையைச் சொல்லுவா, எனக்கு மட்டும் கேக்க. ஒரு கடதாசி வந்தால் ஒரு பிள்ளை பிடிபட்டு, திரும்பி வீட்டை போட்டுதெண்டு அர்த்தம். வராத நேரம்தான் பொல்லாத நேரம். ஆரும் பிடிபடேல்லையோ, பேர் எழுதாமல் ஆரும் பிடிபட்டதோ எண்டு தெரியாது. அவ வாசலையே பாத்துக்கொண்டிருப்பா. சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் கிடக்கும்.

ஆறாம் நாள் என்னைப் போகச் சொன்னாங்கள். அவவை ஏழு கிழமை வைச்சிருந்தாங்கள். ஒரு மாசத்துக்குள்ள பெரிய கோட்டுக்குப் போகவேணுமெண்டு தானே எழுதி வைச்ச மனிசி, உள்ளயிருந்து லோயருக்கு ஆள் பிடிக்கிறதுக்குள்ள அந்த ஒரு மாசமும் போட்டுது.

அந்த ஆறாம் நாள் நான் வெளிக்கிடேக்கை மேசையில, சுகந்தியின்ரையோட சேத்து, பதினொரு கடதாசி. வாசலடியில நிண்டு திரும்பிப் பாத்தன். ஜீப் ஒண்டு வந்து, ஒரு பொலிஸ்காறன் பன்னிரண்டாவதைக் கொண்டு உள்ள போனான். ரீச்சர் எழும்பி நிண்டு ரண்டு கையாலயும் அதை வாங்கினா.

"இவளையும் விட்டாச்சோ?" எண்டு கேட்டா.

அவன் தலையாட்டினான். வாங்கிலில திரும்ப இருந்தா.

"அப்ப இன்னும் அம்பத்தெட்டு" எண்டா.